தையல் ஆறும் வரை: சின்னியின் அறுவை சிகிச்சையும் மரத்துப்போகும் ஊசியும்

எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் சின்னிக்கு வயது பத்தைத் தொட்டிருந்தது, எடை 10 கிலோ. வலது பக்கக் கடைசி முலைக்காம்புக்கு அடியில் ஒரு கட்டி. கொண்டைக்கடலை அளவில் இருந்தது, சில மாதத்தில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. எங்களிடம் வரும்போதே அவள் வளர்ந்த நாய், கருத்தடை செய்யப்படாதவள். கருத்தடை செய்யாத நாய்களுக்கு முலைப் புற்று வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால், முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு அது 0.5 மட்டும், இரண்டாவது பருவத்துக்குப் பிறகு செய்தால் 26 என்று 1969-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னதும் உண்டு. எப்படியும் அந்தக் காலம் சின்னிக்குக் கடந்துவிட்டது. இனி கட்டியை எடுப்பதுதான் வழி.

நாய்களின் முலைக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும் என்பதால், முதலில் நெஞ்சு எக்ஸ்ரே. நுரையீரலுக்குப் பரவியிருந்தால் அறுவை சிகிச்சையே வேறு பேச்சு. நல்லவேளை, படம் சுத்தமாக இருந்தது. அப்புறம் ரத்தப் பரிசோதனை. சிறுநீரக அளவுகளைப் பார்ப்பது வலி மாத்திரைக்காக என்று தெரியும். கல்லீரல் அளவுகளை ஏன் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார் என்று கேட்டபோதுதான் டாக்டர் மரத்துப்போகும் ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

முழு மயக்கத்தில்தானே வெட்டப் போகிறீர்கள், அதற்கு மேல் இது எதற்கு என்பது என் கேள்வி. "தூங்கிட்டிருந்தாலும் வலிச் செய்தி நரம்பு வழியா மூளைக்குப் போயிட்டேதான் சார் இருக்கும். எழுந்ததும் மொத்தமா வந்து தாக்கும். வெட்டுற இடத்திலேயே அதை நிறுத்திட்டா மயக்க மருந்தும் குறைவாப் போதும்" என்றார். நரம்பின் சோடியம் வாயில்களை இந்த மருந்து அடைத்துவிடுவதால் செய்தி கிளம்புவதே இல்லை. பல் டாக்டரிடம் போனவர்களுக்கு லிக்னோகெய்ன் தெரிந்திருக்கும். அது சில நிமிடத்தில் வேலை செய்யும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். சின்னிக்குப் போடப்போவது பியூபிவகெய்ன். பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். இரண்டையும் உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அதனால்தான் அந்த அளவுகள்.

இதை வீட்டில் சொன்னதும் எதிர்ப்பு கிளம்பியது. எங்கள் தெருவில் இரண்டு நாய் வளர்க்கும் அக்கா ஒருவர், "மரத்துப்போற ஊசி போட்ட இடத்துல தையல் ஒட்டாது தம்பி, சதை செத்துப்போயிடும்" என்று உறுதியாகச் சொன்னார். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். நான் சிரித்துத் தள்ளவில்லை. தேடிப் பார்த்தால் அக்கா சொன்னதற்கு ஓர் அடிப்படை இருந்தது. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள் மேல் இந்த மருந்துகளை ஊற்றினால், புண்ணில் புதுச் சதை கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் பெருக்கம் குறைகிறது, சதையை இணைக்கும் கொலாஜன் என்ற புரத நாரின் உற்பத்தியும் குறைகிறது. மருந்தின் செறிவும் ஊறும் நேரமும் கூடக்கூடப் பாதிப்பும் கூடுகிறது. மூட்டுக்குள் குருத்தெலும்பு செல்களையும் இது கொல்லும். மனிதர்களுக்குத் தோள் மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழாய் வழியாக நாள்கணக்கில் பியூபிவகெய்னைச் சொட்டவிட்டு, குருத்தெலும்பு கரைந்துபோன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

இதை அப்படியே டாக்டரிடம் கொட்டினேன். அவர் கோபப்படாமல் ஒரு தாளை எடுத்து நாள்களை எழுதினார். வெட்டியதும் ரத்தம் உறையும். அடுத்த சில நாள் வீக்கமும் சிவப்பும். வெள்ளணுக்கள் வந்து குப்பையை அள்ளும் காலம் அது. மூன்றாவது நாலாவது நாள் வாக்கில்தான் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கூட்டமாக வந்து கொலாஜனைப் பின்னத் தொடங்கும். "நான் போடுற மருந்து அன்னைக்கு சாயங்காலமே அந்த இடத்தை விட்டுப் போயிடும். கொத்தனார் வர்றதுக்குள்ள இது கிளம்பிடுச்சே சார், யாரைப் போய்த் தடுக்கும்?" என்றார். தட்டில் இருக்கும் செல்லுக்கு மருந்தைக் கழுவி எடுத்துப்போக ரத்த ஓட்டம் கிடையாது, உடம்பில் உண்டு. ஒருமுறை அளவோடு போட்ட ஊசியால் நாய்களின் தையல் ஆறாமல் போனதை அவர் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். வலியை அடக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே விளக்கினார். வலியில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும், நாய் சாப்பிடாது, தூங்காது, புண்ணைக் கடித்துக்கொண்டே இருக்கும். புண் ஆறுவதைக் கெடுக்க இவை போதும்.

அட்ரினலின் கலந்த மருந்து வேறு விஷயம். ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். காது நுனி, வால், விரல் போன்ற ஓரங்களில் அதைத் தவிர்ப்பதுண்டு, ரத்த ஓட்டம் குறைந்தால் சதைக்கே ஆபத்து. சின்னிக்கு அட்ரினலின் இல்லாத மருந்து போதும் என்று முடிவானது. சீழ் பிடித்த புண்ணாக இருந்திருந்தால் ஊசியே சரியாகப் பிடித்திருக்காதாம். சீழில் அமிலம் அதிகம், அங்கே மருந்து நரம்புக்குள் நுழையத் திணறும்.

அளவுதான் இதில் உண்மையான ஆபத்து. நாய்க்கு பியூபிவகெய்ன் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சின்னிக்கு அதிகபட்சம் 20 மில்லிகிராம். பாட்டிலில் 0.5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் என்று பொருள். ஆக, 4 மில்லிக்கு மேல் போகவே முடியாது. டாக்டர் 3 மில்லி எடுத்து அதே அளவு சலைன் கலந்து இரட்டிப்பாக்கினார், நீளமான வெட்டுக்குப் பரவலாகப் போட வசதி. தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் இறங்கினால் பியூபிவகெய்ன் இதயத்தையே நிறுத்தும். ஊசியைக் குத்தியதும் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டே செலுத்துவார்கள். அளவு மீறினால் விழித்திருக்கும் நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரும். மயங்கியிருக்கும் நாயிடம் அந்த எச்சரிக்கை தெரியாது, அதனால் ஈசிஜி திரை ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். இப்படி ஆனால் கொடுக்க லிப்பிட் எமல்ஷன் என்ற கொழுப்புத் திரவம் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரியைத் திறந்து காட்டினார். அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை காலையில். ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. கட்டிக்குள் ஊசி படாமல் தள்ளிச் சுற்றிலும் மருந்தைப் போட்டு, அது பிடிக்கும் வரை காத்திருந்து வெட்டினார்களாம். கட்டிக்குள் குத்தினால் அதன் செல்கள் ஊசி வழியே பக்கத்துச் சதைக்கு இழுத்துவரப்படலாம். கடைசி இரண்டு முலைச்சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, ஒரு சாண் நீளத்துக்குத் தையல் போட்டிருந்தார்கள். மதியம் கூட்டி வந்தபோது தள்ளாடினாள், ஆனால் முனகவில்லை. சாயங்காலம் ஊசியின் மரப்பு விட்டுப்போகும் நேரம் என்று தெரிந்து காத்திருந்தோம். அதற்குள் மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து ஊசியும் உள்ளே போயிருந்ததால் இடைவெளி விழவில்லை.

வலி இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். கிளாஸ்கோ வலி அட்டவணை என்று பெயர். புண்ணிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்கிறதா, உறுமுகிறதா, கடிக்க வருகிறதா? நடை எப்படி, புண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறதா, கூப்பிட்டால் வருகிறதா? எல்லாவற்றுக்கும் மதிப்பெண். 24-க்கு 6 எட்டினால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். சின்னி முதல் ராத்திரி 4-ல் நின்றாள். நாய் கத்தவில்லை என்றால் வலி இல்லை என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சில நாளில் தொடை இடுக்கை ஒட்டி மெத்தென்று ஒரு வீக்கம். அக்கா உடனே, "பாத்தியா, அந்த ஊசி மருந்துதான் தேங்கியிருக்கு" என்றார். மொத்தம் போட்டதே 6 மில்லி, அதுவும் என்றைக்கோ ரத்தத்தில் கலந்துவிட்டது. இது நீர் கோர்ப்பு. சதையை எடுத்த இடத்தில் தோலுக்கு அடியில் வெற்றிடம் இருந்து, நடக்க நடக்கத் தோல் உரசினால் அங்கே நிணநீர் சேரும். தொடை இடுக்கில் அசைவு அதிகம் என்பதால் அங்கே வருவது சகஜம். ஊசியால் உறிஞ்சி எடுத்தால் கிருமியை உள்ளே விட்டதாகும் என்று டாக்டர் தொடவே இல்லை. வெதுவெதுப்பான ஒத்தடம், ஓட்டம் சாட்டம் கூடாது. மெல்ல வற்றிவிட்டது. சூடாகவோ நாற்றமாகவோ இருந்தாலோ, சீழ் வந்தாலோ, நாய் சாப்பாட்டை விட்டாலோ மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

புண்ணை நக்காமல் இருக்கச் சின்னியின் கழுத்தில் மாட்டிய கூம்பு வேண்டாம் என்று அம்மா தினமும் என்னிடம் சண்டை. "நாக்கால நக்கினா நாய்க்குப் புண்ணு தானா ஆறிடும்டா" என்பார், கூம்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நக்கிக்கொண்டே இருந்தால் தையல் பிரிந்துவிடும், வாயிலுள்ள கிருமி உள்ளே போகும் என்று சொல்லிப் பயனில்லை. தையல் ஒன்று தளர்ந்ததைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். அக்கா கொண்டுவந்த மரத்துப்போகும் ஜெல்லையும் தடவவில்லை. பச்சைப் புண் வழியே எவ்வளவு உள்ளே போகும் என்று கணக்கு கிடையாது, நக்கினால் தொண்டை மரத்து விழுங்கத் தெரியாமல் போகும். ஐபுப்ரோஃபென் போன்ற நம் மாத்திரைகளும் கூடாது, வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும்.

இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரித்தார்கள். உடனே மாடிப்படியில் ஓடவிட்டுவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆன புண்ணுக்குக்கூடப் பழைய தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், முழுதாக ஆறினாலும் 80 சதவீதத்தைத் தாண்டாது என்றார் டாக்டர். ஆகவே இன்னும் சில வாரம் சங்கிலியில்தான் நடை. திசுப் பரிசோதனை முடிவும் வந்தது: கலப்பு வகைக் கட்டி, புற்றல்ல.

அடுத்து அவளுக்குப் பின்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்கவேண்டும். அதற்கும் தாடை நரம்பில் இதே ஊசிதான் போடுவார்கள். போன முறை எந்த மருந்து, எத்தனை மில்லி, என்ன எடைக்கு என்று கேட்டு வாங்கி சின்னியின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அவள் எடை 11 கிலோ.