தோஷம் இல்லை, அத்தை

நேற்று சாட்ஸ்வொர்த் கோவிலில் ஓர் அத்தை தம் பேரனைப் பற்றிக் கேட்டார். உடம்பில் பழுப்புத் திட்டுகள், தோலுக்கடியில் கட்டிகள். டாக்டர் ‘நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை’ என்றாராம். உறவினர்களோ மருமகள் வீட்டுத் தோஷம் என்கிறார்களாம். எரிச்சலாக வந்தது.

நரம்பிழைகளைப் போர்த்திக் காப்பவை ஷ்வான் செல்கள். இவை பெருக வேண்டுமா என்பதில் நரம்புக்கே பெரும் பங்கு. அது நியூரெகுலின் என்ற புரதத்தை நீட்டுகிறது. ஷ்வான் செல்லின் ஏற்பிகள் அதைப் பற்றியதும் உள்ளே ராஸ் என்ற புரதம் விழிக்கிறது. ராஃப், மெக், எர்க் என்று அடுத்தடுத்த புரதங்கள் ஒன்றை ஒன்று உசுப்ப, செல் பிரிகிறது. வேலை முடிந்ததும் ராஸை அணைப்பது நியூரோஃபைப்ரோமின் என்ற இன்னொரு புரதம். பதினேழாம் குரோமோசோமிலுள்ள அதன் மரபணு பழுதாவதே இந்த நோய்; அணைக்க ஆள் இல்லை, கட்டி வளர்கிறது.

ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தப் பழுது பெற்றோரிடமிருந்து வருவதே இல்லை, புதிதாக நேர்வது. மருமகளை விட்டுவிடுங்கள்!

மெக்கைத் தடுக்கும் செலுமெடினிப் மருந்துக்கு, அறுவைக்கு இடங்கொடாத கட்டியுள்ள குழந்தைகளுக்காக, 2020-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. எல்லாக் கட்டிக்கும் அது தேவையில்லை. ஆனால் பையனுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை தேவை. பார்வை நரம்பைத் தாங்கும் துணைச் செல்களான கிளியா செல்களிலும் கட்டி வரலாம்.