புவி அறிவியல் இதழ் ஒன்றின் மேற்கோள் எண்ணைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பெங்களூரிலிருந்து இந்திய அறிவியல் அகாடமி வெளியிடும் ‘ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயின்ஸ்’ பற்றிப் பேச்செடுத்தால் ஆய்வு மாணவர்கள் முதலில் கேட்பது, “இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?” என்பதைத்தான். சில ஆண்டுகளாகவே அது 1-க்கும் 2-க்கும் நடுவில் நிற்கிறது. அதைக் கேட்டவுடன் இதழைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுபவர்கள் நிறைய. அந்த எண் புவி அறிவியலில் எதை அளக்கிறது, எதைத் தொடவே இல்லை என்று பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது. இந்த இதழே அதற்கு நல்ல உதாரணம்.

கணக்கு எளியது. 2024-க்கான இம்பாக்ட் ஃபேக்டர் வேண்டுமானால், 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இதழில் வந்தவற்றுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை, அதாவது பிற கட்டுரைகள் அவற்றைக் குறிப்பிட்ட தடவைகளை, எண்ண வேண்டும். அதை அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகள், ரிவ்யூ கட்டுரைகள் (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துரைப்பவை) ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, இரண்டு ஆண்டுகளில் 500 கட்டுரைகள், 800 மேற்கோள்கள் என்று வைத்துக்கொண்டால் விடை 1.6. தலையங்கம், திருத்தக் குறிப்பு போன்றவை கீழே வகுக்கும் எண்ணில் சேராது. ஆனால் அவற்றுக்கு வரும் மேற்கோள்கள் மேலே சேரும். தலையங்கமும் கருத்துரையும் அதிகம் போடும் இதழ்களுக்கு இது சாதகம்.

அதே கணக்கில் ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் 100 மேற்கோள் கூடினால் 1.6 என்பது 1.8 ஆகிவிடும். மற்ற 499 கட்டுரைகளின் நிலை அப்படியே இருக்கும். ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’ இதழின் ஏ பிரிவில் நடந்தது இதன் உச்சம். படிக அமைப்பைக் கணக்கிடும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் எழுதிய ஒரே கட்டுரையால், 2-ஐ ஒட்டியிருந்த அதன் எண் 2009-இல் 49-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு அந்த இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு ஒரே இரவில் இருபது மடங்கு மேம்பட்டுவிடவில்லை. சராசரியை விட இடைநிலை அளவுதான் நேர்மையானது: கட்டுரைகளை மேற்கோள் வரிசையில் அடுக்கி, நடுவில் நிற்பதன் எண்ணைப் பார்ப்பது. பெரும்பாலான இதழ்களில் அது இம்பாக்ட் ஃபேக்டரை விடக் குறைவாகவே இருக்கும்.

புவி அறிவியலுக்கென்றே உள்ள சிக்கல் அந்த இரண்டு ஆண்டுக் கால அளவு. ஒரு பாறை ஆய்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மழை ஓய்ந்த மாதங்களில் களப்பணி, பிறகு பாறையை மெல்லிய சீவல்களாக வெட்டுவது, சிர்க்கான் கனிமத்தைப் பிரித்தெடுப்பது, ஐசோடோப்பு ஆய்வகத்தில் முறைக்குக் காத்திருப்பது, எழுதுவது, மதிப்பீட்டாளர் கேட்ட திருத்தங்களைச் செய்வது. 2023 டிசம்பரில் வெளியான கட்டுரையை ஒருவர் படித்து, அதன் மேல் தன் களப்பணியை அமைத்து, 2024 டிசம்பருக்குள் அச்சேற்ற வேண்டும் என்று இந்தக் கணக்கு எதிர்பார்க்கிறது. செயற்கைக்கோள் படங்களில் இயந்திரக் கற்றலை ஓட்டுபவருக்கு அது முடியும். பாலக்காடு-காவிரி பெயர்ச்சி மண்டலத்தில் சுத்தியலோடு நடப்பவருக்கு முடியாது.

மேற்கோளின் ஆயுளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காண்டிரைட் வகை விண்கல்லின் தனிமச் செறிவுகளையும், புவி ஓட்டுக்குக் கீழுள்ள மேன்டில் அடுக்கின் செறிவுகளையும் தந்து சன், மெக்டொனா இருவரும் 1989-இல் எழுதிய கட்டுரை, இன்றும் அருமண் தனிம வரைபடம் போடும் ஏறக்குறைய எல்லாப் புவிவேதியியல் கட்டுரைகளிலும் இடம்பெறுகிறது. அந்த மேற்கோள்களில் ஒன்றுகூட இன்றைய இம்பாக்ட் ஃபேக்டர் எதிலும் சேராது. அதனால் இதழின் பக்கத்தைத் திறந்தால் ‘மேற்கோள் அரை ஆயுள்’ என்ற எண்ணையும் பாருங்கள். ஓர் ஆண்டில் இதழ் பெற்ற மேற்கோள்களில் பாதி, எத்தனை ஆண்டுக்குள் வந்த கட்டுரைகளுக்குரியது என்பதை அது காட்டும். புவி அறிவியல் இதழ்களில் அது 10 ஆண்டைத் தாண்டுவது சாதாரணம். அப்படி நீண்ட அரை ஆயுளும் சிறிய இம்பாக்ட் ஃபேக்டரும் உள்ள இதழில், கட்டுரை மெதுவாக ஆனால் நெடுநாள் படிக்கப்படுகிறது என்று பொருள்.

பெங்களூர் இதழுக்குத் திரும்புவோம். சி.வி. ராமன் 1934-இல் தொடங்கிய அகாடமியின் ‘புரொசீடிங்ஸ்’ இதழிலிருந்து 1970-களின் கடைசியில் புவி, கோள் அறிவியலுக்கென்று ஒரு பிரிவு தனியாகியது. அதுவே 2005-இல், 114-ஆம் தொகுதியிலிருந்து, இப்போதைய பெயருக்கு மாறியது. பாறையியல், புவி இயற்பியல், கடலியல், நீரியல், வளிமண்டலம், தொலையுணர்வு என்று எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகப் பார்க்கும் நோக்கத்தைப் புதுப் பெயர் சொன்னது. மேற்கோள் கணக்குக்கு அந்த மாற்றம் தொல்லை தந்தது. 2005-க்கான கணக்கில் 2003, 2004 கட்டுரைகள்தான் வரும். அவை முழுக்கப் பழைய பெயரில் உள்ளவை. 2006-இல் பாதி பழையது, பாதி புதியது. 2007-இல்தான் புதுப் பெயரின் கணக்கு முழுமையாகிறது. எந்த இதழின் பழைய எண்களை ஒப்பிடும்போதும் பெயர் மாறிய ஆண்டையும் அடுத்த ஆண்டையும் தள்ளிவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெயர்களின் மேற்கோள்களையும் கட்டுரைகளையும் கூட்டி நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இதழின் உண்மையான பலம் எங்கே என்பதற்கு இரண்டு கட்டுரைகள் போதும். பருவமழையின் இடைவேளைகள் பற்றி சுலோச்சனா காட்கிலும் பி.வி. ஜோசப்பும் எழுதியது 2003-இல், பழைய பெயரில், 112-ஆம் தொகுதியில் வந்தது. ராஜீவன், காட்கில், பாடே மூவரும் 2010-இல் 119-ஆம் தொகுதியில் எழுதியது அதன் தொடர்ச்சி. மைய பருவமழை மண்டலத்தில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், தரப்படுத்திய மழை விலகல் (சராசரியிலிருந்து உள்ள வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) தொடர்ந்து 3 நாளாவது +1-க்கு மேல் இருந்தால் செயல்மிகு காலம், −1-க்குக் கீழ் இருந்தால் இடைவேளை என்ற வரையறையை இந்த இரண்டாவது கட்டுரை தந்தது. (இடைவேளை நாட்களில் இமயமலை அடிவாரத்திலும் தமிழ்நாட்டுப் பக்கமும் மழை கூடுவது வழக்கம். ஆகவே இந்த வரையறை நமக்கும் தொடர்புள்ளதே.) பருவமழையை ஆராய்பவர்கள் இன்றுவரை இதைக் கையாளுகிறார்கள். ஆனால் இம்பாக்ட் ஃபேக்டருக்குப் பயன்பட்டவை 2011, 2012 ஆகிய இரண்டே ஆண்டுகளின் மேற்கோள்கள். அதற்குப் பிறகு வந்த அத்தனையும் அந்த எண்ணுக்குக் கண்ணில் படவில்லை.

இந்திய வானிலைத் துறையின் ‘மௌசம்’ இதழும் இப்படித்தான். அதன் இம்பாக்ட் ஃபேக்டரை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் 1901 முதல் 2010 வரை நாள்வாரி மழையை 0.25 பாகைக் கட்டங்களில் தந்த பை முதலியோரின் 2014 கட்டுரை அந்த இதழில்தான் வந்தது. இந்தியாவின் நீரியல் ஆய்வுகள் பலவும் அதைக் குறிப்பிடுகின்றன. நெடுநாள் மேற்கோள் பெறுபவை வரையறையும், தரவுத் தொகுப்பும், எல்லோருக்கும் பயன்படும் கருவியும் தருகிற கட்டுரைகள். பாறைக் கனிமங்களின் பெயர்ச் சுருக்கங்களை மட்டும் பட்டியலிட்டு விட்னி, எவன்ஸ் இருவரும் 2010-இல் ‘அமெரிக்கன் மினராலஜிஸ்ட்’ இதழில் எழுதிய மூன்று பக்கத்தை உலகத்துப் பாறையியலாளர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதனால்தான்.

இதழின் ஆய்வுக் கவனம் எது, மேற்கோள் எங்கிருந்து வருகிறது என்பதை இலவசமாகவே ஆராயலாம். ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஓப்பன்அலெக்ஸ் தளத்தில் இதழின் பெயரைத் தேர்ந்து, ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கை வரிசையில் அட்டவணையாக இறக்குங்கள். பெயரில் ஏமாறாதீர்கள். வூஹானிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் எர்த் சயின்ஸ்’ வேறு, ஐரோப்பிய ‘ஹைட்ராலஜி அண்ட் எர்த் சிஸ்டம் சயின்சஸ்’ வேறு. சுருக்கப் பெயர்களில் இவை ஒன்றோடொன்று குழம்பி, மேற்கோள்களே இடம்மாறிப் போவதுண்டு. பெங்களூர் இதழின் ஸ்பிரிங்கர் பதிப்பக டிஓஐ-யில் (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) 12040 என்ற எண் இருக்கும். அதை வைத்துச் சரிபார்க்கலாம். அடுத்து தலையங்கம், திருத்தம், இரங்கல் குறிப்புகளை நீக்குங்கள். மிஞ்சியவற்றைத் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துக் கையாலேயே வகைப்படுத்துங்கள்: பருவமழை, நிலத்தடி நீர், நிலச்சரிவு, நிலநடுக்கம், பாறையியல், கடல் படிவு என்று. தளம் தானாக ஒட்டும் தலைப்புகளை நம்ப வேண்டாம். தொல்பருவமழை பற்றிய குகைப் படிவு ஆய்வு வளிமண்டலத்தில் போய் விழும். பிறகு ஒவ்வொரு வகைக்கும் இடைநிலை மேற்கோள், ஒன்றுகூடப் பெறாதவற்றின் விகிதம் இரண்டையும் கணக்கிடுங்கள். மொத்த மேற்கோளை அப்படியே ஒப்பிட்டால் பழைய கட்டுரையே எப்போதும் ஜெயிக்கும். ஆண்டுவாரி எண்ணிக்கை தனிப் புலமாகக் கிடைக்கிறது, வெளியான மூன்றாம் ஆண்டு வரையிலான மேற்கோளை மட்டும் எடுங்கள்.

இரண்டு வெவ்வேறு அளவைகளை நேருக்கு நேர் வைக்கவும் கூடாது. எல்செவியர் பதிப்பகத்தின் சைட்ஸ்கோர் என்ற அளவை நான்கு ஆண்டுக் கட்டுரைகளுக்கு அதே நான்கு ஆண்டுகளில் கிடைத்த மேற்கோளை எண்ணுவதால், பெரும்பாலும் இம்பாக்ட் ஃபேக்டரை விடப் பெரிதாகவே இருக்கும். ஓர் இதழின் சைட்ஸ்கோரையும் இன்னொன்றின் இம்பாக்ட் ஃபேக்டரையும் ஒரே பட்டியலில் பார்த்தால் அந்தப் பட்டியலை ஒதுக்கிவிடுங்கள். ரிவ்யூ கட்டுரைகளையே முதன்மையாக வெளியிடும் ‘எர்த்-சயின்ஸ் ரிவ்யூஸ்’ போன்றவற்றின் 10 அளவிலான எண்ணோடு களத்தரவு இதழை ஒப்பிடுவதும் அர்த்தமற்றது. துறைக்குத் துறை உள்ள வேறுபாட்டைச் சரிக்கட்டுவதற்கென்று இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் 2021-இல் ‘ஜர்னல் சைட்டேஷன் இண்டிகேட்டர்’ என்பதைக் கொண்டுவந்தது. அதில் துறையின் சராசரி 1. அதைப் பார்ப்பது மேல்.

ஆய்வுக் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பதை ‘அரேபியன் ஜர்னல் ஆஃப் ஜியோசயின்சஸ்’ 2021-இல் காட்டியது. கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும் இசைக் கல்வியையும் ஒரே தலைப்பில் கோத்த கட்டுரைகள் சிறப்பிதழ்த் தொகுப்புகள் வழியாக உள்ளே வந்தன. பதிப்பாளர் 400-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீது ஐயக் குறிப்பு போட நேர்ந்தது, 44 கட்டுரைகள் அபத்தம் என்று திரும்பப் பெறப்பட்டன. அதே இதழில் நேர்மையாக எழுதியவர்களின் பெயரும் அதில் அடிபட்டது. எனவே அனுப்புவதற்கு முன் கடைசி இரண்டு ஆண்டு உள்ளடக்கத்தைப் புரட்டுங்கள். இதழின் நோக்க அறிக்கைக்குப் பொருந்தாத தலைப்புகள் தென்பட்டால், சிறப்பிதழ்களின் எண்ணிக்கை வழக்கமான இதழ்களை விடப் பெருகியிருந்தால், இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவாக இருந்தாலும் விலகுங்கள். ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்ற அடைமொழியோடு இம்பாக்ட் ஃபேக்டரை விளம்பரப்படுத்தும் தளங்கள் கிளாரிவேட்டின் கணக்கோடு சம்பந்தமில்லாதவை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கொண்டுவந்த, தரமான இதழ்களுக்கான கேர் பட்டியலையும் 2025-இல் கைவிட்டுவிட்டதால், இந்தச் சோதனை இப்போது ஆய்வாளரின் பொறுப்பாகவே ஆகிவிட்டது.

பெங்களூர் இதழுக்கோ அதைப் போன்ற இதழுக்கோ அனுப்புகிறவர்கள், மதிப்பீட்டாளர் வரை போகாமலே திரும்பும் காரணங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் காரணம், ஒரு வட்டாரத்தின் தரவு மட்டும் இருந்து கேள்வி இல்லாமல் இருப்பது. ஒரு தாலுகாவில் 40 கிணற்று மாதிரிகள், நீர்த்தரக் குறியீடு, ஒரு வண்ண வரைபடம் என்ற அச்சில் வரும் கட்டுரைகள் ஏராளம். அதே 40 மாதிரிகளை வைத்தே, ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டும் கிணறுகள் எந்தப் பாறையில், எந்த ஆழத்தில், ஏன் என்று கேட்டால் அது வேறு கட்டுரை. நேர், எதிர் அயனிகளின் சமநிலைப் பிழை 5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாண்டினால் பெரும்பாலும் பைகார்பனேட்டைக் களத்திலேயே அளக்காதது காரணம். நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களில் அடிக்கடி நிகழும் தவறு, கணினி மாதிரியின் பயிற்சிக்கும் சோதனைக்கும் புள்ளிகளைத் தற்செயலாகப் பிரிப்பது. ஒரே சரிவின் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் விழுந்து, துல்லியம் பொய்யாக உயரும். பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதியுங்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டபின் மேற்கோள் தொலையாமல் காப்பதும் ஒரு வேலைதான். மாதிரி எடுத்த இடத்தின் அகல, நெடுங்கோடுகள், தரப்பொருளை (மதிப்பு முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) அளந்த மதிப்புகள், பிழை வரம்பு ஆகியவற்றை முழு அட்டவணையாக ஜெனோடோ போன்ற களஞ்சியத்தில் டிஓஐ-யோடு இடுங்கள். மற்றவர் தன் வரைபடத்தில் உங்கள் புள்ளிகளைச் சேர்க்க அது இருந்தால்தான் முடியும். தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அப்பா பெயரின் முதலெழுத்து ஓர் இதழில் முன்னால், இன்னொன்றில் பின்னால். செந்தில்குமார் ஓரிடத்தில் ஒரு சொல், வேறிடத்தில் இரண்டு சொல், அப்போது ‘குமார்’ குடும்பப் பெயராகிவிடும். தரவுத்தளம் இவர்களை மூன்று பேராகப் பதிந்து மேற்கோளைப் பங்குபோட்டுவிடும். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவுசெய்து, ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணோடு இணைத்து, பிறகு அதை மாற்றாதீர்கள். ஏற்கெனவே சிதறியிருந்தால் ஸ்கோபஸ் மேற்கோள் தரவுத்தளத்தில் ஆசிரியர் விவரத் திருத்தப் படிவம் இருக்கிறது. எல்லா வடிவங்களையும் தேடி எடுத்து, ஒன்றாக இணைக்கச் சொல்லி அதில் விண்ணப்பிக்கலாம்.