27சி256 ஈப்ராம் சில்லில் எழுதிப் பார்த்த அனுபவம்

27சி256 ஒரு ஈப்ராம், அதாவது மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறக்காத நினைவகச் சில்லு; கண்ணாடிச் சாளரம் வழியே புற ஊதா ஒளி பாய்ச்சி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். சென்னை ரிச்சி தெருவில் பழைய பலகைகளிலிருந்து கழற்றி விற்கப்பட்ட ஐந்து 27சி256 சில்லுகளை வாங்கி வந்து, தண்ணீர் சுத்திகரிப்பானின் உதிரிப் புற ஊதா விளக்கை ஒரு தகரப் பெட்டிக்குள் பொருத்தி, ஒவ்வொன்றையும் 20 நிமிடம் வைத்து அழித்தேன். (வெயிலிலும் அழியும், ஆனால் சுமார் ஒரு வாரம் ஆகும் என்கிறது தயாரிப்பாளரின் விவரக்குறிப்பான டேட்டாஷீட்.) முதல் சில்லில் பல பைட்டுகள் எஃப்எஃப் நிலைக்கு, அதாவது எல்லா பிட்டும் 1 ஆன வெற்று நிலைக்குத் திரும்பவில்லை. பழைய ஸ்டிக்கரின் பசை கண்ணாடிச் சாளரத்தில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி வைத்ததும் சரியாயிற்று.

எழுதுவதற்கு ஆர்டுயினோ எனும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றையும், மின்னழுத்தத்தை உயர்த்தி 12.75 வோல்ட் தரும் சிறிய பூஸ்ட் பலகை ஒன்றையும் இணைத்தேன். எழுதும் மின் துடிப்பு ஒன்று 100 மைக்ரோ விநாடி; பைட் பதியாவிட்டால் 25 முறை வரை திரும்பக் கொடுக்கலாம். பழைய 2716 ஈப்ராமுக்கு ஒரு பைட்டுக்கு 50 மில்லி விநாடி தேவைப்பட்ட காலத்தை நினைத்தால் இது அதிவேகம்தான்.

எழுதிய நிரலை 5 வோல்ட்டில் படித்துச் சரிபார்த்தபோது ஒரு பிழையும் இல்லை. ஆனால் 5.3 வோல்ட்டில் இயங்கும் என் இசட்80 (பழைய 8 பிட் செயலி) பலகையில் செருகினால் நிரல் பாதியில் நின்றது. டேட்டாஷீட் சொல்வதுபோல 6.25 வோல்ட்டில் படித்துப் பார்த்தேன். 41 பைட்டுகள் தவறின. எல்லாமே 0 இருக்க வேண்டிய இடத்தில் 1. 0 எழுதுவது என்றால், பிட்டைத் தாங்கும் செல்லின் மிதக்கும் வாயிலில் எலக்ட்ரான்களைச் சிக்கவைத்து அது கடத்தாமல் மூடுவது. அங்கே போதிய எலக்ட்ரான்கள் சிக்காத செல், 5 வோல்ட்டில் மூடியிருப்பதுபோல் நடித்துவிட்டு, அதைத் திறக்கும் கட்டுப்பாட்டு வாயிலின் மின்னழுத்தம் சற்று உயர்ந்ததும் கடத்தத் தொடங்கிவிடுகிறது. அந்தக் குறையைப் பிடிப்பதற்காகவே 6.25 வோல்ட்டில் சரிபார்க்கச் சொல்கிறார்கள். நானோ அதை வீண் சிரமம் என்று தவிர்த்திருந்தேன்.

எலக்ட்ரான்கள் ஏன் போதவில்லை என்பதை மல்டிமீட்டர் காட்டவில்லை, அது 12.7 என்றே நின்றது. மின்னழுத்தத்தின் நொடிப்பொழுது மாற்றங்களையும் வரைந்து காட்டும் நண்பரின் ஆசிலோஸ்கோப்பில்தான், ஒவ்வொரு துடிப்பின்போதும் எழுதும் மின்னழுத்தம் 11 வோல்ட்டுக்கும் கீழே சரிவது தெரிந்தது. எழுதும்போது சில்லு 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். நீண்ட ஜம்பர் கம்பிகளோடு பூஸ்ட் பலகையால் ஈடுகொடுக்க முடியவில்லை. கம்பிகளைக் குறுக்கி, சில்லின் காலருகே 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்றும் வைத்தபின், பெரும்பாலான பைட்டுகள் முதல் துடிப்பிலேயே பதிந்தன.

நான்கு சில்லுகள் 6.25 வோல்ட்டிலும் தேறிவிட்டன; வெளிச்சம் படாதிருக்க, சாளரத்தில் கறுப்பு டேப் ஒட்டியாயிற்று. ஐந்தாவதில் ஒரே ஒரு பைட் 25 துடிப்புகளுக்கும் அசையவில்லை. அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.