அறவியல் தாளில் நான் தவறாக எழுதிய ஒரு "ஆகவே"

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் இடம்பெற்றுவரும் 250 மதிப்பெண் அறவியல் தாளுக்குப் படித்தபோது என்னை மிகவும் அலைக்கழித்தது, அறம் என்பது தனிமனிதரின் நம்பிக்கையையோ பண்பாட்டையோ பொறுத்ததா என்ற கேள்விதான். பயிற்சித் தேர்வொன்றில், "பண்பாடுகள் வேறுபடுகின்றன, ஆகவே பொதுவான அறம் இல்லை" என்று எழுதியிருந்தேன். திருத்தியவர் "ஆகவே" என்ற சொல்லை மட்டும் வட்டமிட்டிருந்தார். அதன் பொருள் விளங்க எனக்குப் பல நாட்கள் ஆயின.

இறந்த பெற்றோரை எரிக்கும் கிரேக்கரையும், இறந்த பெற்றோரின் உடலை உண்ணும் கல்லாத்தியர் என்ற இந்திய இனக்குழுவினரையும் பாரசீக மன்னர் தாரியஸ் அழைத்து, எவ்வளவு பொருள் தந்தால் மற்றவரின் வழக்கத்தை ஏற்பீர்கள் என்று கேட்க, இரு தரப்பினரும் மறுத்ததாக பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கூறும் நிகழ்ச்சியை, பொதுவான அறம் இல்லை என்பதற்குப் பலரும் விடைத்தாளில் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் பெற்றோரை மதித்து வழியனுப்ப வேண்டும் என்பதில் இரு தரப்பினரும் ஒன்றுபடுகிறார்கள், சடங்கில்தான் பிரிகிறார்கள். உண்மையிலேயே அறக்கருத்தில் பிரிந்திருந்தாலும்கூட, கருத்து வேறுபாடு இருப்பதாலேயே இரண்டும் சரி என்று ஆகிவிடாது.

எனக்குத் தெளிவைத் தந்தது நம் மண்ணின் வரலாறு. சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் மரபு என்று போற்றப்பட்ட காலத்திலேயே முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதை அநீதி என்றார்கள். சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது 1947இல்தான். பண்பாட்டின் ஒப்புதலே அறத்தின் அளவுகோல் என்றால், அதுவரை அவ்விருவரும் தவறானவர்கள் என்றல்லவா சொல்ல வேண்டியிருக்கும்? அதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. தனிமனித நம்பிக்கையே அளவுகோல் என்றாலோ, யாரும் எப்போதும் தவறே செய்ய இயலாது. செய்ததற்கு மனம் வருந்துவதும் பொருளற்றுப் போகும்.

மாணவர்கள் பெரிதும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற குறளை, அறம் அவரவர் நம்பிக்கையையோ பண்பாட்டையோ பொறுத்தது என்னும் சார்புநிலைவாதத்துக்கு ஆதரவாக எழுதிவிடாதீர்கள். அங்கே பொய் சொல்வது சரியா என்ற தீர்ப்பு சூழலைப் பொறுத்து மாறுகிறதே தவிர, சொல்பவரின் நம்பிக்கையைப் பொறுத்து மாறவில்லை. குற்றமற்ற நன்மை என்ற அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாகவே நிற்கிறது. 150 சொற்களுக்குள் எழுத வேண்டிய விடையில் இந்த ஒரு வேறுபாட்டுக்கு மூன்று வரிகளாவது ஒதுக்குங்கள். அறிஞர்களின் பெயர்ப்பட்டியலைக் குறைத்தாலும் குறையில்லை.