மலக்குடல் புற்றுநோய்: நோர்வேயில் என் சத்திரசிகிச்சை அனுபவம்

குடும்ப டொக்டர் விரலால் சோதித்த அன்றே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போட்டுவிட்டார். குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி, சதைத்துண்டுப் பரிசோதனை, இடுப்புக்கு எம்ஆர்ஐ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி எல்லாம் அடுத்தடுத்து நடந்தன. புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொரு கட்டமும் எத்தனை நாளுக்குள் நடக்க வேண்டும் என்று 2015 முதல் இங்கே வரையறை உண்டு. பல துறை வைத்தியர்கள் கூடிப் பேசி, எனக்கு முன்கூட்டிய கதிர்ச் சிகிச்சை வேண்டாம், நேரே சத்திரசிகிச்சைதான் என்று முடிவெடுத்தார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேராகவே கேட்டேன்: “இங்கே வருசத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? அதே இடத்தில் கட்டி திரும்பி வருவது எவ்வளவு?” அவர் முகம் சுளிக்கவில்லை. இந்த நோயாளிகளின் விபரங்களைப் பதியும் தேசியப் பதிவேட்டின் ஆண்டறிக்கையைத் திறந்து, ஆஸ்பத்திரி வாரியாக இருந்த கணக்கைக் காட்டினார்.

அந்தப் பதிவேட்டின் கதை எனக்குப் பெரிய தைரியம் தந்தது. 1980களில் இந்த நாட்டில் சத்திரசிகிச்சை முடிந்தவர்களில் 100க்குச் சுமார் 28 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியிருக்கிறது. மலக்குடலை, அதைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவோடு, உறை கிழியாமல் கண்ணால் பார்த்துப் பார்த்து வெட்டி எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பில் ஹீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வளர்த்திருந்தார். 1993இல் நோர்வே அதை நாடு முழுவதற்குமான திட்டமாக்கியது. சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும் நோயியல் நிபுணர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு நோயாளியையும் பதிந்து, அந்தந்த ஆஸ்பத்திரிக்கு அதன் பெறுபேற்றைத் திருப்பி அனுப்பினார்கள். 1993–97இல் பழைய முறையில் 12 வீதமாக இருந்த மறுவருகை, புதிய முறையில் 6 வீதம். புது மருந்து எதுவும் இல்லை. கைப்பழக்கமும் ஒளிவுமறைவில்லாத கணக்கும்தான். எந்த நாடும் இதைச் செய்யலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் தாதி என்னை இருத்தி, நிறுத்தி, குனியவைத்துப் பார்த்து, மலம் சேரும் தற்காலிகப் பைக்கு வயிற்றில் இடம் குறித்தார். வீட்டில் சாரம் (லுங்கி) கட்டுவேன் என்றதும், முடிச்சு விழும் இடத்தைத் தவிர்த்தார். இதை நீங்களாகவே சொல்லுங்கள். அவர்களுக்குச் சாரம் தெரியாது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோயியல் அறிக்கையைக் கேட்டு வாங்கி வாசித்தேன். உறை முழுதாக இருக்கிறதா, கட்டிக்கும் வெட்டு விளிம்புக்கும் இடையில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கிறதா என்பவைதான் முக்கியம். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன.

பையை எடுத்த பிறகு அடிக்கடி, அடக்க முடியாமல் மலம் போகும். எங்கட ஆட்கள் வெட்கத்தில் இதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் வழி இருக்கிறது. எனக்கு வயிற்றோட்டத்தைக் குறைக்கும் லோபெரமைட் மாத்திரையும் இடுப்புத்தசைப் பயிற்சியும் பலன் தந்தன.