அப்பாவின் மலைவாழைத் தோட்டம்

8 ஜனவரி 2024, தாண்டிக்குடி

அப்பா சனிக்கிழமை இரவு போய்விட்டார். ஆதார் அட்டைப்படி 88 வயது. கூட இரண்டு மூன்று இருக்கும் என்பது சித்தப்பாவின் கணக்கு.

இன்று காலை பால் தெளித்துவிட்டு வந்தால், அம்மா பறிப்பு ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். காப்பி பழுத்து நிற்கிறது. விட்டால் உதிரும், பறித்ததை அன்றைக்கே பல்பர் மெஷினில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். ஊரில் யாரும் இதைக் குறையாகப் பேசவில்லை. அப்பாவும் இதைத்தான் செய்திருப்பார்.

11 ஜனவரி

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் “உழைப்பாளி” என்கிறார்கள். சரி, இந்த மலையில் உழைக்காதவர் யார்? ரோடு வராத காலத்தில் வாழைத்தாரையும் ஆரஞ்சையும் பொதிக்குதிரையில் ஏற்றி அடிவாரத்துச் சித்தரேவுக்கு இறக்கியவர்கள் பலர். குதிரைக்கூலி கட்டாத வாரங்களில் அப்பா தலைச்சுமையாகவே இறங்கினாராம். திரும்பும்போது அரிசியும் உப்பும்.

எனக்கு அவரைக் காட்டுவது வேறொன்று. எழுபதுகளில் மலைவாழைக்கு முடிக்கொத்து நோய் வந்தது. இலை குறுகி, விறைத்து, குருத்தில் கொத்தாக நின்றுவிடும். தார் வராது. அசுவினிப் பூச்சி நோயை ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும், பக்கக் கன்றிலும் நோய் இருக்கும். மருந்து கிடையாது, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். ஒரு தாராவது தேறாதா என்று பலர் விட்டுவைத்தார்கள். அப்பா தோண்டினார், பார்க்க நன்றாக நின்றவற்றையும் சேர்த்து. அந்த வெள்ளாமையை நம்பித்தான் அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது. அம்மா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

பக்கத்துத் தோட்டங்களில் நோய் நிற்கும்போது இவர் மட்டும் தோண்டி என்ன பிரயோசனம் என்று இன்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

“நம்மகிட்ட இருந்து போச்சுன்னு யாரும் சொல்லக்கூடாதுல்ல, அதான்” என்றார். எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை.

15 ஜனவரி

பொங்கல் வைக்கவில்லை. களத்தில் காப்பி காய்கிறது. மாலையில் மழைக்குணம்; ஓடிப்போய் எல்லாரும் தார்ப்பாய் போட்டோம்.

21 ஜனவரி

கருமாதி முடிந்தது. படையலில் மலைவாழைப்பழம் வைத்தோம், எங்கள் தோட்டத்துப் பழம். எழுபது வயதுக்கு மேல் திசு வளர்ப்புக் கன்று வாங்கி, காப்பிக்கு நடுவே மறுபடி நட்டவர் அவர். நோய் கண்ட கன்றை அப்போதும் தயங்காமல் பிடுங்கினார்.

2008-ல் விருப்பாட்சி, சிறுமலை என்ற மலைவாழை வகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் பார்த்து வாசித்துக் காட்டினேன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாட்சிப் பழம்தான் என்றும் எழுதியிருந்தார்கள். முழுவதும் கேட்டுவிட்டு, “விலை ஏறுமா?” என்றார்.

சாயங்காலம் தம்பி டிரங்குப் பெட்டியைத் திறந்தான். பத்திரத்தில் இன்னும் மதுரை மாவட்டம். திண்டுக்கல் பிரிந்தது 1985-ல்தானே. தோட்டத்தைப் பிரிக்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறார், அக்கா யோசிக்கிறாள். எப்படியானாலும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். நாளைக்குத் தம்பி கொடைக்கானல் தாலுகா ஆபீஸ் போகிறான்.