‘நீங்களே டாக்டர்கள்தானே, ஆம்புலன்ஸ் எதுக்கு?’

இந்தக் கேள்வியை மைதான அலுவலகத்தில் கேட்டார்கள். ஆம்புலன்ஸ் சேவையில் கேட்டார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் மருத்துவமனைக்குள்ளேயே கேட்டார்கள். டாக்டர்கள் மட்டுமே ஆடும் எங்கள் கால்பந்து அணி ஒரு நிதி திரட்டும் போட்டியை நடத்தி முடித்திருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்கள் இலவசமாகத் தங்கும் இல்லம் ஒன்றுக்காக நடந்த போட்டி அது. கூடவே மைதானத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் முகாம். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆட்டமும் நன்றாகவே நடந்தது. ஆனால் அதற்கு முன்னால் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. இதே மாதிரி ஒன்றைத் திட்டமிடும் மருத்துவ அணிகளுக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். பூட்ஸ் மாட்டி இறங்கியபிறகு டாக்டரும் ஆட்டக்காரர்தான். மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பவர் முதலுதவிப் பொறுப்பாளராக இருக்க முடியாது. விழுபவரே அவராகவும் இருக்கலாம். 2003-இல் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 28. 2012-இல் இங்கிலாந்தில் ஆட்டத்தின் நடுவே விழுந்த போல்டன் அணி வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பாவின் இதயம் 78 நிமிடம் தானாகத் துடிக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து ஓடிவந்த இதய மருத்துவர் ஒருவரும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றினார்கள். 2021-இல் கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பிழைத்தது, அந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கி மின் அதிர்வும் கொடுத்ததால். இதயம் நின்றபின் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அவர்களெல்லாம் தினமும் பயிற்சி எடுத்த தொழில்முறை வீரர்கள். எங்கள் அணியில் நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் நேராக மைதானத்துக்கு வருபவர்களும், நாற்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். ‘டாக்டர்கள்தானே’ என்று யார் சொன்னாலும் இந்த விஷயத்தில் இறங்கிப் போகவே கூடாது.

மைதான அனுமதியில்தான் பெரிய சிக்கல். கவுண்டரில் இருந்தவர் எங்கள் கடிதத்தை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. “டீம்னு ஒரு லெட்டரா? பதிவு எண் எங்கே? யாருக்காகப் பணம் வசூல் பண்றீங்களோ அவங்க சம்மதக் கடிதம் கொண்டுவாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி என்று இல்லத்துக்குப் போனால், தேதியும் இடமும் உறுதியாகாமல் சம்மதக் கடிதம் தர முடியாது என்றார்கள். அதில் கையெழுத்துப் போட வேண்டிய செயலாளர் வேறு வெளியூரில். காப்பீட்டு அலுவலகமோ மைதான ஒதுக்கீட்டுக் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்காது. ஒருவர் காகிதத்துக்கு இன்னொருவர் காத்திருக்க, எங்களை மட்டும் அலையவிட்டார்கள். ஒரு டாக்டர் ஓ.பி.யை விட்டுவிட்டு வரிசையில் நிற்பது என்றால் அங்கே அத்தனை நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தது அதே அலுவலகத்தின் உள்ளறையில் இருந்த வயதான கண்காணிப்பாளர். எங்கள் ஜெர்சி மாதிரியைப் பார்த்துவிட்டு, “டாக்டர்கள் டீமா? பிரேசில் சாக்ரடீஸ் டாக்டர்தானே சார்!” என்றார். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலின் கேப்டனாக ஆடிய சாக்ரடீஸ், மருத்துவப் பட்டம் பெற்றவர். அந்தப் பேச்சில் உட்காரச் சொன்னவர், ‘தற்காலிக ஒதுக்கீடு’ என்று ஒரு கடிதம் இருப்பதையே அப்போதுதான் சொன்னார். மற்ற காகிதங்களைக் குறிப்பிட்ட தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடத்தையும் நாளையும் நிறுத்திவைக்கும் கடிதம். அது கைக்கு வந்ததும் இல்லமும் காப்பீடும் தாமாக நகர்ந்தன. கவுண்டரில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். கடிதத்தை மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் எடுத்துப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். நாளைக்கு மைதானத்தில் யாருக்காவது கால் உடைந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அந்தத் தாளிலிருந்துதான் கிளம்பும்.

பண விஷயத்தில் நாங்கள் எடுத்த முடிவு சரியான முடிவு. பதிவு செய்யாத அணியின் பெயரில் வங்கியில் கணக்குத் தொடங்க முடியவில்லை. “உங்கள்ல ஒருத்தர் சொந்தக் கணக்குல வாங்கிட்டு அப்புறம் மாத்திக் கொடுத்துடுங்களேன்” என்று நலம்விரும்பிகள் சொன்னார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. நன்கொடை நேரே இல்லத்தின் கணக்குக்கே போனது, ரசீதையும் அவர்களே கொடுத்தார்கள். மைதானத்தில் வைத்த உண்டியலைக்கூட இல்லத்தின் ஆள் முன்னிலையில் திறந்து, எண்ணி, இருவர் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தோம். டாக்டர் என்ற நம்பிக்கையில்தான் ஜனங்கள் கொடுக்கிறார்கள். அந்தக் காசு ஒரு நாள்கூட எங்கள் யாருடைய கணக்கிலும் தங்கக் கூடாது.

விளம்பரதாரர் விஷயத்தில் அணிக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. இனிப்பு பானம் விற்கும் ஒரு நிறுவனம் ஜெர்சி, பேனர் செலவு மொத்தத்தையும் ஏற்கத் தயாராக இருந்தது. பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்று சிலர் சொன்னார்கள். சர்க்கரை பார்க்கும் மேசைக்குப் பின்னால் அந்தப் பேனர் தொங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. உணவில் சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படிப்பட்ட பானத்தின் ஒரு டின்னிலேயே 35 கிராம் அளவுக்கு இருக்கும். மறுத்துவிட்டோம். ஜெர்சியை எங்கள் செலவில் வாங்கினோம். மெல்லிய துணி, மட்டமான அச்சு, அதனால் என்ன?

இனி, நினைத்தாலே வயிற்றைக் கலக்கும் விஷயம். இதய அதிர்வுக் கருவி, அதாவது ஏ.ஈ.டி. ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் கேட்டோம். கேட்ட இடத்தில் சாமான் பதிவேட்டைக் காட்டி, “இது கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது” என்றார்கள். நியாயமான விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வேறு ஒரு இடத்தில் பெரிய மனதோடு உடனே எடுத்துக் கொடுத்தார்கள். அதே நிறம், அதே பை, அதே பொத்தான், திறந்தால் அதே குரல். எங்களோடு வந்த நர்ஸ் பையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். சிறிய எழுத்தில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று ஒட்டியிருந்தது. பயிற்சிக் கருவி பேசும், வழிகாட்டும், அதிர்வு கொடுத்ததாகவும் சொல்லும். ஒரு துளி மின்சாரம்கூட உடம்புக்குள் போகாது. கொடுத்தவருக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்த நர்ஸ் மட்டும் இல்லையென்றால் அதை மைதானத்தோரம் வைத்துவிட்டு நிம்மதியாக ஆடியிருப்போம்.

ஆகவே, கருவி வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். பேட்டரி அளவையும், ஒட்டும் பேட்களின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பிசின் காய்ந்த பேட் நெஞ்சில் ஒட்டாது. பையில் ஒரு துண்டும் கத்தரிக்கோலும் கட்டாயம் இருக்கட்டும். ஆடிக்கொண்டிருந்தவரின் நெஞ்சு வியர்வையில் நனைந்திருக்கும். ஜெர்சியை வெட்டி, துடைத்துவிட்டுத்தான் பேட் ஒட்ட வேண்டும். ஓரத்தில் நிற்கும் தன்னார்வலர்களுக்கும் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். யாரும் மோதாமல் ஒருவர் தானாகச் சரிந்து விழுந்து, கூப்பிட்டால் பதிலில்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கைகால் லேசாக வெட்டி இழுத்தாலோ, வாய் திறந்து விட்டுவிட்டு இழுத்தாலோ வலிப்பு என்றும் மூச்சு வருகிறது என்றும் நினைத்துக் காத்திருக்கக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். கடைசியில், கருவியோடு வரும் ஆம்புலன்ஸ் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் ஒப்பந்தம் போட்டோம்.

ஆட்டக்காரர்களைத் திரட்டுவது தனிப் போராட்டம். டியூட்டி பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. கோல்கீப்பர்கள் இருவருமே மயக்க மருத்துவர்கள், இருவருக்கும் அதே நாளில் அவசர அழைப்புப் பொறுப்பு. எதிரணியோடு பேசி, வெளியே போனவர் திரும்ப வரலாம் என்றும் ஒவ்வொரு பாதியையும் குறைத்துக்கொள்ளலாம் என்றும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டோம். இந்த மட்டத்து ஆட்டங்களில் இரண்டுக்குமே விதியில் இடமிருக்கிறது. முன்பரிசோதனைக்கு எல்லோரையும் ஈ.சி.ஜி. எடுக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நோயாளியிடம் கண்டிப்பாகச் சொல்லும் அதே வாய் தன் விஷயத்தில் ‘எனக்கெதுக்கு’ என்கிறது. எலும்பு மருத்துவர் ஒருவர் முழங்கால் தசைநார் அறுவை செய்துகொண்டு இன்னும் 9 மாதம் ஆகாத நிலையில் ஆட வருகிறேன் என்றார். விடவில்லை. அவரையே அன்றைய டியூட்டி டாக்டராக ஓரத்தில் உட்கார வைத்தோம். ‘11 பிளஸ்’ எனப்படும் ஃபிஃபாவின் 20 நிமிட வார்ம் அப்பையும் பல வாரம் முன்பே தொடங்கினோம். அதை முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆட்டத்தன்று மட்டும் செய்தால் அந்தப் பலன் வராது.

முகாமில் முதல் அரை மணி நேரம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அழுத்தம் தாறுமாறாகக் காட்டியது. மேசையை ஒலிபெருக்கிக்கு அடியில், படிக்கட்டு ஏறியவுடன் வரும் இடத்தில் போட்டிருந்தார்கள் மைதானத்து ஆட்கள். சத்தம், வெயில், ஏறிவந்த மூச்சிரைப்பு. மேசையை மரத்தடிக்குத் தூக்கிப் போனோம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, காலை ஊன்றச் சொல்லி, கையை நெஞ்சளவில் தாங்கவைத்து, பேச்சுக் கொடுக்காமல் மறுபடி பார்த்ததும் பலருக்குச் சாதாரண அளவுக்கு வந்தது. அப்படியும் 140/90-க்கு மேல் நின்றவர்களுக்குச் சீட்டு எழுதி, வேறொரு நாள் மறுபடி பார்க்கச் சொன்னோம். ஒரே ஒரு அளவை வைத்து யாரையும் நோயாளி ஆக்கிவிடாதீர்கள். மைக்கில் ஒருவர், “இதுவரை இத்தனை பேருக்குச் சர்க்கரை கண்டுபிடித்திருக்கிறோம், அதோ அந்த ஐயாவுக்குக்கூட…” என்று ஆரம்பித்தார். ஓடிப்போய் மைக்கை வாங்கினோம். பரிசோதனை முடிவு அந்த மனிதருக்குச் சொந்தமானது.

ஆட்ட நாளில் ஆம்புலன்ஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் அது நுழைய வேண்டிய பக்கவாட்டு கேட்டை மறித்துக்கொண்டு சிறப்பு விருந்தினரின் கார் நின்றது, கேட்டிலோ பூட்டு. சாவி வைத்திருந்தவரைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. கார் நகர்ந்து, கேட் திறந்து, ஸ்ட்ரெச்சரை நடு வட்டம் வரை தள்ளிப் பார்த்த பிறகுதான் நடுவரை விசில் ஊதச் சொன்னோம். ஆட்டம் தாமதமாகிறது என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

இரண்டாம் பாதியில் கார்னர் பந்துக்கு எகிறிய எங்கள் தடுப்பாட்டக்காரரும் எதிரணிக்காரரும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். எதிரணிக்காரருக்குப் புருவத்தில் லேசான கீறல், அவ்வளவுதான். எங்கள் ஆள் அறுவை மருத்துவர். தானே எழுந்து நின்று, “ஒண்ணுமில்ல, ஆடலாம்” என்றார். எலும்பு மருத்துவர் நொண்டியபடி உள்ளே போய்க் கேட்டார்: “இது எந்த மைதானம்? எந்தப் பாதி ஆடுறோம்? கடைசி கோல் யார் போட்டது?” முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதற்கு அவர் தன் பெயரையே சொன்னார். கோல் போட்டிருந்தது எதிரணி. அத்தோடு வெளியே. அவர் கோபப்பட்டார், ‘எனக்கு மருத்துவம் சொல்லித் தர்றியா’ என்றுகூடக் கத்தினார். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்துவிட்டால் அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது என்பதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. ஆடாத ஒருவர் கையில் அந்த அதிகாரம் இருந்ததால்தான் அது நடந்தது.

மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன் பட்டியல் இருந்தது. தலைவலியும் வெளிச்சத்தில் கண் கூச்சமும் இருக்கும் ஒருவர் கத்தி பிடிக்கக் கூடாது. இரவிலேயே துறைத் தலைவரை அழைத்துச் சொன்னோம். “பந்தாடப் போய் இப்படியா” என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஆனால் பட்டியல் வேறொருவருக்கு மாறியது. மருத்துவ அணிகள் இதற்கு முன்னேற்பாடு செய்தே ஆக வேண்டும். மறுநாள் டியூட்டி உள்ள ஒவ்வொருவருக்கும் மாற்று டாக்டர் யார் என்று ஆட்டத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். அவர் இப்போது நலமாக இருக்கிறார். படிப்படியாக ஓட ஆரம்பித்து, டியூட்டி டாக்டரின் சம்மதத்தோடுதான் பந்தைத் தொட்டார்.

இல்லத்திலிருந்து ரசீதும் வரவு விவரமும் வந்ததும் நன்கொடை தந்த எல்லோருக்கும் நகல் அனுப்பிவிட்டோம். அடுத்த ஆட்டத்துக்கான தற்காலிக ஒதுக்கீட்டு விண்ணப்பத்தையும் கொடுத்தாயிற்று. இந்தத் தடவை முதல் பக்கத்திலேயே ஆம்புலன்ஸ், கேட் சாவி யாரிடம், ஆடாத டாக்டர் யார் என்ற மூன்றையும் எழுதிவிட்டோம். கவுண்டரில் இருந்தவர் படித்துப் பார்த்து, கேள்வி கேட்காமல் சீல் வைத்தார்.